பாறைக்குப் பின்னால் தின்ற கறிபாப்

புரட்டாசிச் சனிக்கிழமையில் எங்கள் வீட்டில் ஒரு பொழுதுதான். பெருமாள் கோயிலுக்குப் போய்வந்து, தளிகை போட்டுப் படைத்த பிறகுதான் வாயில் எதையும் வைப்போம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலத்திலேயே என் அப்பா இதை விட்டதில்லை. நானும் விடவில்லை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஆசை உண்டு. படிப்பு அதிகமில்லாதவனுக்குப் பெருமைப்பட இதுவாவது இருக்கட்டும் என்று நினைத்திருப்பேனோ என்னவோ.

மலாக்காவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறேன். வீடு பெம்பானில். போன வருஷம் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை எங்கள் வேலையிடத்துக்காரர்கள் குடும்பத்தோடு ஆசாஹான் பக்கம் மலையேறக் கிளம்பினார்கள். எனக்கு அவ்வளவாக விருப்பமில்லை. என் மனைவிதான் பிடிவாதமாக இருந்தாள்.

"மேல ஏறினா கடல் தெரியுமாமே? எங்க தங்கா பத்து கடலு அங்கேருந்து எப்படி இருக்கும்னு பாக்கணுங்க."

அவள் பிறந்து வளர்ந்தது தங்கா பத்துவில். கடலைக் கரையில் நின்று பார்த்தவள்தான், உயரத்திலிருந்து பார்த்ததில்லை.

அவளுக்கு ஆறு வருஷமாக இனிப்பு நீர் வியாதி. அன்று காலை ஐந்தரைக்கு வழக்கம்போல மாத்திரையைப் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் கிழமை ஞாபகம் வந்தது.

"ஏங்க, மாத்திரை போட்டா பசியாறணுமே. ரெண்டு ரொட்டியாச்சும் திங்கவா?"

"ஒரு நாள்தானே. பன்னெண்டுக்குள்ள இறங்கிடலாம். பெருமாள் பாத்துக்குவாரு."

கண்ணாடியின் முன் நின்று நாமம் போட்டுக்கொண்டே சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மலை ஆரம்பத்திலேயே செங்குத்தாக எழுந்தது. வேரைப் பிடித்து, கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டியிருந்தது. முந்தின நாள் மழை பெய்து மண் வழுக்கியது. பேக்கிங்கில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் ஒருத்தி என் மனைவியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். வாய் ஓயவே ஓயாது அவளுக்கு.

"ஆண்ட்டி, அங்கிள நம்பியா வந்தீங்க? ஸ்டோர்ல ஏணியில ஏறவே ரெண்டு தடவை சாமி கும்பிடுவாரு லா!"

"வீட்டுல பல்பு மாத்தறதே நான்தாம்மா" என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. நான் யாரென்று காட்டுகிறேன் பார் என்று வேகமாக முன்னால் ஏறிவிட்டேன்.

மேட்டு முதுகுக்குச் சற்றுக் கீழே ஒரு பெரிய பாறை. எங்கள் சீனப் போர்மன் எனக்கு முன்னாலேயே வந்து அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து சோமாசி மாதிரி பொரித்த கறிபாப் ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே உருளைக்கிழங்குதான், கறி இல்லை என்றார். பசி காதை அடைத்தது. கண் இருட்டியது. கீழே எட்டிப் பார்த்தேன். அவர்கள் வர இன்னும் நேரமாகும். பாறைக்குப் பின்னால் போய் நின்று தின்றேன். அவர் இன்னொன்று கொடுத்தார். அதையும் தின்றேன். கைக்குட்டையால் வாயையும் விரலையும் துடைத்துக்கொண்டு, யோக்கியன் மாதிரி வந்து உட்கார்ந்தேன்.

அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண் டப்பாவைத் திறந்தாள். "ஆண்ட்டி, பிசாங் கோரேங். வாழைப்பழம், நானே பொரிச்சது. எடுங்க."

என் மனைவியின் கை டப்பாவை நோக்கிப் போனது.

"அவ விரதம்மா. நாங்க ரெண்டு பேருமே விரதம்" என்றேன் நான்.

போன கை அப்படியே மேலே போய்க் கொண்டையைச் சரிசெய்தது.

கறிபாப் கொடுத்த போர்மன் என்னை ஒருமுறை பார்த்தார். தமிழ் தெரியாவிட்டாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்குப் புரிந்திருக்கும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நடந்தார்.

அங்கிருந்து உச்சி வரை மேட்டு முதுகின் மேலேயே பாதை. ஆள் ஒருவர் நடக்கும் அகலம்தான். இரண்டு பக்கமும் சரிவு. ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம் விரித்த பாய்போலக் கிடந்தது. மறு பக்கம் லேடாங் மலை, மேகத்தைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு நின்றது. கடல் தெரிய இன்னும் பத்து நிமிஷம் ஏற வேண்டும் என்றார்கள்.

"ஏங்க, அதுதானே கடலு?" என்று என் மனைவி பின்னாலிருந்து கேட்டாள். திரும்பினேன். செம்பனையைக் காட்டிக்கொண்டிருந்தாள். குரல் குழறியது. முகமெல்லாம் வியர்வை, உதடு வெளுத்திருந்தது. கால் சரிவுப் பக்கமாகப் போனது. அந்தப் பெண்தான் இடுப்போடு சேர்த்துப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சுகர் இறங்கிருச்சு! எங்கப்பாவுக்கு இப்படித்தான் வரும். அங்கிள், காலையில என்ன சாப்பிட்டாங்க?"

யாரோ சிராப் சர்பத் பாக்கெட் ஒன்றைக் கிழித்து அவள் வாயில் வைத்தார்கள். ஒருவர் மிட்டாய் கொடுத்தார். நான் கழன்று விழுந்த அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். பெருமாளைக் கூப்பிடவும் வெட்கமாக இருந்தது.

கால் மணி நேரத்தில் தெளிந்தாள். தெளிந்ததும் முதலில் அழுதாள்.

"விரதம் முறிஞ்சிருச்சேங்க. என்னால உங்களுக்கும் கெட்டுப் போச்சா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பரவால்ல, விடு" என்றேன். அவளை நான் மன்னிப்பதுபோல. கடலைப் பார்க்காமலே இறங்கினோம்.

அந்த வாரம் முழுவதும் அவள் பரிகாரம் பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை தண்ணீர் கூடக் குடிக்காமல் இருக்கப்போவதாகச் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. ஸ்டோரில் போர்மன் பொருள் வாங்க வந்தால் நான் குனிந்துகொண்டு பில்லை எழுதினேன்.

சனிக்கிழமை காலை சமையலறையில் அவள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"போடாதே. பசியாறிட்டுப் போடு. அன்னிக்கு நான் சாப்பிட்டேன். பாறைக்குப் பின்னால. ரெண்டு கறிபாப்."

அவள் திடுக்கிடவில்லை.

"தெரியும். உங்க கைக்குட்டையத் தொவைச்சது யாரு? மஞ்சக் கறை போகவே இல்ல."

"அப்புறம் ஏன் பரிகாரம் அது இதுன்னு..."

"நீங்களா சொல்லுவீங்கன்னு ஒரு வாரமா பாத்தேன். திங்கக்கிழமையே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்."

இட்லிச் சட்டியை இறக்கினாள். ஒரே ஒரு தட்டுதான் எடுத்தாள். என் எதிரில் உட்கார்ந்து மூன்று இட்லியை நிதானமாகத் தின்று முடித்து, மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"நீங்க இருங்க விரதம்" என்றாள். இருந்தேன்.

அடுத்த மாதம் அந்தப் பேக்கிங் பெண்ணோடு மறுபடி அதே மலைக்குப் போனாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வேணாங்க, நாங்க மெதுவா ஏறுவோம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பத்தரை மணிக்குப் போனில் ஒரு படம் வந்தது. உச்சியில் நிற்கிறாள். தூரத்தில் கடல், வெள்ளை நூல் மாதிரி. அவள் கையில் பாதி கடித்த பிசாங் கோரேங். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடலை அல்ல, அந்தக் கையைத்தான்.