தவறாம விழுந்த பேரு

எனக்கு வாய் ஜாஸ்தின்னு எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள்ல எல்லாரும் சொல்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும். அந்த வாய் வேண்டிய நேரத்துல ரெண்டு தடவ மூடிக்கிச்சு. அதத்தான் என்னால இன்னும் தாங்க முடியல.

எங்க வீட்டுக்காரரு ஆமியில, அதான் பட்டாளத்துல இருந்தவரு. தோட்டத்துத் தமிழன் ஆமிக்குப் போனானான்னு கேக்காதீங்க, போனாரு. வலப்பனைக் கூட்டாளி ஒருத்தன் போனான், இவரும் கூடவே போயிட்டாரு. லொறி ஓட்டுனாரு. ஒரு நாள் ரோட்டுல வச்ச கண்ணிவெடி லொறியோட பின்பக்கத்தத் தூக்கி அடிச்சுது. கையி காலு முழுசா இருந்துச்சு, வெளியில காயம் ஒண்ணும் தெரியல. கொஞ்ச நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தலைவலியும் கூடவே வந்துச்சு.

தலைவலின்னா நீங்களும் நானும் கொத்தமல்லித் தண்ணி குடிச்சுத் தீத்துக்கிற தலைவலி இல்ல. மாசத்துல நாலஞ்சு நாளு. மொதல்ல ஒரு கண்ணு மங்கும். அப்புறம் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பக்கத்து வீட்டுல கருவாடு பொரிச்சா வாந்தி எடுப்பாரு. ஜன்னல்ல சாக்கக் கட்டிட்டு, ஈரத்துண்டத் தலையில இறுக்கிக்கிட்டுச் சுருண்டு கிடப்பாரு. தகரத்து மேல மழை விழுந்தா அழுவாரு. அவ்வளவு பெரிய மனுஷன், அழுவாரு. பாக்கச் சகிக்காது.

தோட்டத்துல இவருக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடிய மட்டமா வெட்டிவிடணும். ஆளுக்கு இத்தனை செடின்னு உண்டு, முடிச்சாத்தான் செக்ரோல் புத்தகத்துல பேரு விழும், பேரு விழுந்தாத்தான் அன்னைக்குச் சம்பளம். மொதத் தடவ தலைவலி வந்தப்ப நான்தான் காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துக்கு ஓடுனேன். "அண்ணே, அவரால எந்திரிக்கவே முடியலண்ணே. எப்படியாச்சும் பாத்துக்கங்க"ன்னு கங்காணியக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரு, எங்காளு கூட வெட்டுற நாலு பேரையும் திரும்பிப் பாத்தாரு. நாலு பேரும் இவரு செடியையும் பங்கு போட்டு வெட்டுனாங்க. பேரு விழுந்துச்சு. அன்னையிலேருந்து அதுவே வழக்கமாப் போச்சு. ஒரு நாளும் யாரும் சொல்லிக் காட்டுனதில்ல. இந்தக் காலத்துல அப்படி மனுஷங்க எங்க இருக்காங்க, சொல்லுங்க.

ஆமியில அடிபட்டவங்களுக்குக் குடுக்குற உதவிக் காசுக்கு எழுதிப் போட்டோம். கிடையாதுன்னு சிங்களத்துல கடுதாசி வந்துச்சு. ராகலையில மருந்துக்கடை முதலாளி வாசிச்சுச் சொன்னாரு. தலைவலி இருக்கலாமாம், ஆனா அதால பொழப்புக் கெட்டதுக்கு அத்தாட்சி இல்லையாம். அப்பீல் போடலாம், வேலை செய்யிற எடத்துலேருந்து ஒரு கடுதாசி வேணும்னு இருந்துச்சு.

நான் சும்மா இருப்பேனா? மறுநாளே தோட்டத்து ஆபீசுக்குப் போயி, "எங்க வீட்டுக்காரரப் பத்தி நல்லபடியா எழுதிக் குடுங்கய்யா"ன்னு கிளாக்கரய்யாகிட்ட கேட்டேன். நல்லபடியா! என் நாக்குல சனியன்தான் உக்காந்திருந்திருக்கு. அவரு செக்ரோலப் பொரட்டிப் பாத்து, இங்கிலீஷ்ல அழகா டைப் அடிச்சு, சீல் குத்திக் குடுத்தாரு. எனக்கு வாசிக்கவா தெரியும்? சாமி படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டு எடுத்துட்டுப் போனேன்.

அப்பீலக் கேக்குற மெடிக்கல் போர்டு கொழும்புல. ஒரு நீட்டு மேசை, அதுக்குப் பின்னால மூணு டாக்டர்மாரு. நடுவுல இருந்தவரு கடுதாசிய வாசிச்சாரு. கண்ணாடியக் கழட்டினாரு. கோவமே இல்லாமத்தான் சிங்களத்துல கேட்டாரு: "மூணு வருஷத்துல ஒரு நாள்கூட வேலைக்கு வராம இருந்ததில்லன்னு எழுதியிருக்கே. இந்த நாளெல்லாம் நீதான் வேலை செஞ்சியா?"

இல்லன்னு சொன்னா எங்க காரியம் நடக்கும். ஆனா கங்காணி பொய்யாப் பேரு போட்டாருன்னு ஆயிரும், தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சிரும். கங்காணிக்கும் வேலை போகும், அந்த நாலு பேருக்கும் போகும். வேலை போனா லயத்துல வீடும் இல்ல. நான் வாயத் தொறந்தேன், சத்தம் வரல. எங்க வீட்டுக்காரரு என் பக்கம் திரும்பவே இல்ல.

"ஆமா சேர், நான்தான் செஞ்சேன்"னாரு.

டாக்டர் கடுதாசிய மடிச்சுத் திருப்பிக் குடுத்தாரு. அடுத்த வருஷம் கடைசியா ஒரு தடவ வரலாம், வேலைக்கு வராத நாள வராத நாளுன்னே பதிஞ்ச கடுதாசியோட வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

பஸ்ஸுல நுவரெலியா வரைக்கும் அவரு தலையில துண்டப் போட்டுக்கிட்டே வந்தாரு. "எல்லாம் என்னாலதான்"னு நான் அழுதேன்.

"விடு புள்ள. அவனுங்க சோத்துல மண்ணப் போட்டுட்டு நம்ம திங்கிறதா"ன்னாரு. "இனிமே வலிக்கிற அன்னைக்குப் பேரு போட வேணாம்னு சொல்லிரு, அது போதும்."

அடுத்த வாரமே தலைவலி வந்துருச்சு. விடியக்காலையில பெரட்டுக் களத்துக்குப் போனேன். "அண்ணே, இன்னைக்கு அவரு பேரப் போடாதீங்க"ன்னேன்.

கங்காணிக்கு மொகம் சுண்டிப்போச்சு. "ஏம்மா? நாங்க யாராச்சும் ஏதும் தப்பாப் பேசிட்டோமா?"

நாலு பேரும் கத்தியத் தீட்டுறத நிப்பாட்டிட்டு என்னையே பாத்தாங்க. அதுல ஒருத்தரு, "அவன் வெட்டுற நிரையும் இன்னைக்கு நம்ம நிரைக்குப் பக்கத்துலதான், சீக்கிரம் முடிஞ்சிரும், நீ போ தங்கச்சி"ன்னாரு. காரணத்தச் சொல்லணும்னா போர்டுல நடந்ததச் சொல்லணும். நீங்க செஞ்ச உதவிதான் எங்களுக்குக் குழி பறிச்சுதுன்னு சொல்லணும். அத எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?

"ஒண்ணுமில்லண்ணே, சும்மா சொன்னேன்"னேன்.

"பைத்தியக்காரப் புள்ள"ன்னு சிரிச்சுக்கிட்டே கங்காணி எழுதிக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்தேன். உள்ள ஒரே இருட்டு. துண்டுக்கு அடியிலேருந்து அவரு மெதுவாக் கேட்டாரு. "சொல்லிட்டியா?"

"பேரு விழுந்துருச்சுங்க"ன்னேன்.

"சரி"ன்னாரு. துண்டு காஞ்சு போயிருந்துச்சு. நனைச்சுக் குடுத்தேன்.