அம்மா சோதனை எழுதிய நாள்

அம்மா பட்டப்படிப்புப் படிப்பது பேசாலையில் எங்கள் தெருவுக்கே ஒரு பகிடியாக இருந்தது. முன்பள்ளியில் சின்னஞ்சிறுசுகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு, அதுவும் கடலுக்குப் போகிறவன் பெண்சாதிக்கு, எதற்குப் பட்டம் என்று அப்பாவின் அக்காவான என் அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பார்.

பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் படிக்கிற வெளிவாரி வகுப்புகள் மன்னார் பட்டினத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தன. சனி, ஞாயிறு பகலில். கிழமை நாட்களில் பின்னேரம். கந்தோர் வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள்தான் அதிகம். அப்பா எங்கள் இருவரையும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை கீழே நிற்பார். எட்டு வயதுக்காரியான நான் பின்வரிசை வாங்கில் படுத்து நித்திரை கொள்வேன். விரிவுரையாளர் என்னையும் ஒரு மாணவியாகவே பாவித்து, தொந்தரவு செய்யமாட்டார்.

இறுதிச் சோதனை நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒருநாள் காற்று மாறி அடித்து அப்பாவின் படகு கவிழ்ந்தது. கூடப்போனவர் நீந்திக் கரை சேர்ந்தார். அப்பாவை மறுநாள் விடியத்தான் கடல் கரையில் போட்டது. உடலைப் பட்டினத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பிணவறை வாசலில் அம்மாவும், அம்மாவின் தமையனான மாமாவும், நானும் நின்றோம். மரண விசாரணை அதிகாரி வரவேண்டும், டொக்டர் வெட்டிப் பார்க்கவேண்டும், பின்னேரத்துக்கு முதல் உடலைத் தர ஏலாது என்று அங்கு நின்ற ஊழியர் சொன்னார். அம்மா அழவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் இதில நில்லுங்கோ. நான் போய்க் கடைசிச் சோதனையை எழுதிப்போட்டு வாறன்."

"உனக்கென்ன விசரே? சனம் என்ன கதைக்கும்?"

"இண்டைக்கு விட்டா இனி அடுத்த வருசம். அதுக்குள்ள ரீச்சர் வேலைக்கு வயசு கடந்திடும். இனி இவளுக்கு ஆர் சோறு போடுறது? சனமோ?"

மாமா சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்துக் கொடுத்தார்.

சோதனை நடந்த பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனோம். என்னை விறாந்தையில் இருத்திவிட்டு அம்மா உள்ளே போனார். சன்னலால் பார்த்தேன். கூடப் படிப்பவர்கள் திரும்பித் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். செய்தி அவர்களுக்கும் எட்டியிருந்தது. அம்மா தலை நிமிரவே இல்லை. கைகாட்டி மேலதிகத் தாள்கூடக் கேட்டு வாங்கினார். அம்மாவைப்போல வேறொருவரும் அவ்வளவு வேகமாக எழுதவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையை நான் எனக்குள் வைத்திருக்கவில்லை. பின்னேரம் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தி, பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது, அத்தையின் மடியில் இருந்தபடி சொன்னேன்: "அம்மா இண்டைக்குச் சோதனை எழுதினவ. எல்லாக் கேள்வியும் எழுதி முடிச்சிட்டா."

அழுகுரல் ஒவ்வொன்றாக நின்றது. அத்தை என்னை மடியிலிருந்து இறக்கினார்.

"என்ர தம்பியை அங்க வெட்டிக்கொண்டிருக்க, நீ பேனை பிடிச்சனியோடி?"

அம்மா அப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓம் மச்சாள். எழுதினனான்."

அதற்குப் பிறகு அத்தை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போனபோது, தேவாலயத்தில் நாங்கள் இருந்த வாங்கில் வேறு யாரும் வந்து இருக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அம்மாவைக் கண்டதும் மற்றப் பெண்களின் கதை நின்றுவிடும். அம்மா சோதனையில் சித்தியடைந்ததும், கொண்டச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நியமனம் கிடைத்ததும், அந்தச் சம்பளத்தில் நான் படித்ததும் பின்னால் நடந்தவை. பட்டமளிப்புப் படத்தை அம்மா இன்றுவரை சுவரில் மாட்டவில்லை.

அந்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்த சனிக்கிழமை அம்மா எனக்குச் சட்டை மாற்றி வெளிக்கிடுத்தி, பேருந்தில் பட்டினத்துக்குக் கூட்டிப்போனார். பழைய கட்டடத்தின் மேல்மாடியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அங்கே எங்களைத் தெரிந்தவர் விரிவுரையாளர் ஒருவர்தான். மற்றவர்கள் யாரும் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரிவுரையாளர் அம்மாவைக் கண்டதும் ஒருகணம் நிறுத்தினார். ஒன்றும் கேட்காமல் பாடத்தைத் தொடர்ந்தார். பின்வாங்கில் என்னருகே இருந்து, தான் எப்போதோ படித்து முடித்த பாடத்தை அம்மா மத்தியானம்வரை கேட்டார். அடுத்த சனியும் போனோம். அதற்கடுத்த சனியும்.

அம்மாவுக்குப் படிப்பில் அவ்வளவு ஆசை என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.