பெரியப்பா பாஸான கதை

எனக்கு அப்போது ஏழு வயது. மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா, ஒருநாள் எறணாகுளத்து ஆஸ்பத்திரியிலிருந்து படகில் திரும்பி வந்தார். ரத்தப் புற்றுநோய். அதைப் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே நின்ற என் காதில் விழுந்தது ஒன்றுதான்: பெரியப்பாவுக்குத் திங்கட்கிழமை கோர்ஸ் ஆரம்பம்.

கோர்ஸ் என்றால் எனக்குத் தெரியாதா? என் அத்தை பக்கத்து ஊர் சுள்ளிக்கல்லில் டைப்ரைட்டிங் கோர்ஸ் போய்க்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயதில் படிக்கப் போகிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

மறுநாள் நானும் பெரியப்பாவும் தெருவில் போகையில் சாயாக்கடைச் சேட்டன் மறித்தார். "சாரே, இந்த வயசில எந்து கோர்ஸா? எத்தனை வருஷம்?"

பெரியப்பா என்னைக் குனிந்து பார்த்தார். வேறு யாராவது என்றால் என் காது தப்பியிருக்காது. அவரோ சிரித்துக்கொண்டே, "அது டாக்டர்க்கே அறியாது, சேட்டா. நாலு நாள் க்ளாஸ், அஞ்சு வாரம் லீவு. பரமசுகம்" என்றார்.

அன்று முதல் வீட்டில் அதுவே பேச்சாகிவிட்டது. மாத்திரை விழுங்கும் நாலு நாளும் க்ளாஸ். ரத்தம் எடுத்துப் பார்ப்பது பரீட்சை. முதலில் முறைத்த பெரியம்மாகூட, "சத்தம் போடாதே, இன்னிக்குப் பெரியப்பாக்கு க்ளாஸாக்கும்" என்று அதட்டத் தொடங்கினாள்.

இரண்டு வருஷம் போயிற்று. நான் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். அவர் இன்னும் அதே கோர்ஸில் இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. "எப்போ பாஸாவேள், பெரியப்பா?" என்று கேட்டே விட்டேன்.

"பாஸாகவே வேண்டாம், கொழந்தே. இப்படியே போயிண்டிருக்கணும்னு ஸ்வாமிகிட்ட வேண்டிக்கோ, கேட்டியா?"

அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நான் துணைபோவதாக இல்லை. சீக்கிரம் பாஸாக வேண்டும் என்றே தினமும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில், நோய் மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போயிற்று. இனி கோர்ஸ் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அப்பா வந்து சொன்னார். நான் அடுக்களைக்கு ஓடி, ஒரு கை நிறையச் சர்க்கரையை அள்ளி வந்து பெரியப்பாவின் வாயில் போட்டேன். பாஸ், பாஸ் என்று குதித்தேன்.

அவர் சர்க்கரையை மென்று முடித்துவிட்டு, "ஸ்வாமி உன் பேச்சைத்தான் கேக்கறார்" என்று என் தலையைத் தடவினார். பெரியம்மா மட்டும் எழுந்து உள்ளே போனாள். பெரியப்பா பாஸானது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று வெகுகாலம் அவள்மேல் கோபமாக இருந்தேன்.