நாலாம் மாடிக் கூடை

மணி இரண்டு முறை குலுங்கினால் கூடை இறங்குகிறது என்று பொருள். நாலாம் மாடிப் பால்கனியிலிருந்து கயிறு மெல்ல மெல்ல வரும். கீழ்வீட்டு ஈரத் துணிகளில் இடிக்காமல், இரண்டாம் மாடிக் கிளிக்கூண்டைத் தொடாமல், ஹனஃபியின் காய்கறி வண்டிக்கு நேராக வந்து நிற்கும். உள்ளே நாலாக மடித்த சீட்டு. ஹனஃபி கையைத் துடைத்துக்கொண்டு பிரிப்பார். அவருக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் உரக்க மட்டுமே வாசிக்கத் தெரியும். அதனால் தெருவே காது கொடுக்கும்.

“ஹனஃபி அவர்களுக்கு. நலமா? வீட்டில் நலமா? மனைவியாரின் முழங்கால் எப்படி இருக்கிறது? மகனுக்குப் பட்டாளத்தில் விடுப்புக் கிடைத்ததா? கழுதை நலமா? வேறென்ன செய்தி? இரண்டு கட்டு கொத்தமல்லி.”

எழுதியவள் ஜுவைனா. ஓமானில் நிஸ்வா ஊர்க்காரி. கணவன் கல்ஃபான் மருத்துவர். இதய சிகிச்சையில் ஓராண்டுப் பயிற்சிக்காக அலெக்சாந்திரியாவுக்கு வந்தவன். இரண்டு பெண் குழந்தைகள். செப்டம்பர் கடைசியில் ஒன்பது பெட்டிகளோடும் ஒரு மூட்டைப் பேரீச்சம்பழத்தோடும், லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் நாலு மாடி ஏறினார்கள். எட்டுப் பெட்டிகளைப் பிரித்தார்கள். ஒன்பதாவது, கட்டிய கயிறு கட்டியபடியே கதவருகில் நின்றது.

அதன் காரணத்தை எதிர்வீட்டு அவாத்திஃப் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். துணி உலர்த்துவதற்காகவே பிறந்தவள் போல நாளெல்லாம் பால்கனியில் நிற்பவள் அவள்.

“புருஷன்கிட்ட சொல்லிட்டாளாம். மூணு மாசம் பாக்குறேன், முடியலன்னா புள்ளைங்கள கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிடுவேன்னு. டிசம்பர் முடியற வரைக்கும்தான் கெடு. பாவம் அந்த டாக்டர். ராத்திரி பூரா கண்ணு முழிச்சுட்டு வர்றவன், வெறும் வீட்டுக்கா வந்து விழுவான்?”

கல்ஃபான் பழகிக்கொண்டான். பூவேலைத் தொப்பியும் வெள்ளை அங்கியுமாக டிராமில் தொற்றிக்கொண்டு போகக் கற்றான். பெரிய மகள் ரஹ்மா ஒரே மாதத்தில் தெருப் பிள்ளைகளின் பேச்சைப் பிடித்துக்கொண்டு, பால்கனியிலிருந்தே அவர்களோடு சண்டை போட்டாள். ஜுவைனாவுக்குத்தான் தெருவின் தொண்டை ஒத்துவரவில்லை. அவள் ஊரில் குரலை உயர்த்துவது கதவை உதைப்பதற்குச் சமம். இங்கே கூடை இறக்குகிற ஒவ்வொருத்தியும் கடற்கரை வரை கேட்கிற மாதிரி கத்துவாள்.

முதல் வாரம் அவள் கூடையை இறக்கிவிட்டுச் சும்மா நின்றாள். கீழே யாரும் கவனிக்கவில்லை. அரை மணி கழித்து ஒரு பூனை அதில் ஏறிப் படுத்தது. பூனையோடு கூடை மேலே போனதைப் பார்த்த பிறகு ஹனஃபிக்கு மனசு கேட்கவில்லை. தன் கழுதை வர்தாவின் கழுத்து மணியை அவிழ்த்து, அடுத்த நாள் அந்தக் கயிற்றில் கட்டினார்.

“இரவல்தான் பொண்ணே! உனக்குத் தொண்டை வந்ததும் திருப்பிக் குடு!”

மணி வந்த மறுநாள் சீட்டு வந்தது. அவ்வளவு நலம் விசாரிப்பைக் கண்டதும் ஹனஃபி முதலில் கோர்ட்டு நோட்டீஸ் என்றே நினைத்தார். கடைசி வரியில் வெங்காயம் இருந்ததால் பிழைத்தார். வெங்காயத்தைப் போட்டுக் கயிற்றை ஆட்டினார். கூடை ஏறவில்லை. மேலே அவள் கம்பியைப் பிடித்தபடி காத்து நின்றாள்.

“யோவ் ஹனஃபி! கேட்டதுக்குப் பதில் சொல்லுய்யா!” என்றாள் அவாத்திஃப். “அவங்க ஊர்ல நலம் விசாரிச்சு முடியாம கொடுக்கல் வாங்கலே கிடையாதாம். நீ வாயைத் திறக்குற வரைக்கும் அது ஏறாது.”

ஹனஃபி அண்ணாந்து பார்த்துக் கத்தினார். “நல்லா இருக்கேன்! பொண்டாட்டிக்கு முட்டி வலி! பையன் பட்டாளத்துல! கழுதைக்குத் திமிர்!” கூடை ஏறியது.

அன்று முதல் அது தினப்படி வழக்கம். முப்பது வருஷம் தக்காளி வாங்கிய தெருவுக்கு ஹனஃபியின் மனைவிக்கு முட்டி வலி என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரோ தைலம் கொடுத்தார்கள். யாரோ வைத்தியர் பெயர் சொன்னார்கள். சில நாள் கூடையில் சீட்டோடு பேரீச்சம்பழமும் ஏலக்காய் மணக்கும் காப்பிக் குடுவையும் இறங்கின.

அவாத்திஃப் தன் பங்குக்கு மொலோகியாக் கீரை சமைக்கக் கற்றுக்கொடுத்தாள். பூண்டுத் தாளிதத்தைக் கொட்டும்போது சமைப்பவள் ‘ஹக்’ என்று மூச்சை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் கீரை அடியில் தங்கிவிடும் என்பது தெருவின் நம்பிக்கை. ஜுவைனா இழுத்தாள். “இதுவா மூச்சு? கொசு கூட இதைவிடச் சத்தமா விடும்டி!” என்று அவாத்திஃப் தலையில் அடித்துக்கொண்டாள். ஜுவைனா முக்காட்டால் வாயைப் பொத்திச் சிரித்தாள். சிரிப்பும் கேட்கவில்லை.

டிசம்பர் கடைசியில் புயல் மழை பிடித்தது. மூன்று நாள் எந்தக் கூடையும் இறங்கவில்லை. நாலாம் நாள், முப்பத்தோராம் தேதி, வெயில் வந்தது, வண்டியும் வந்தது. நாலாம் மாடிக் கதவு மூடியே இருந்தது.

“கதவுகிட்ட இருந்த பெட்டியக் காணோம்யா,” என்றாள் அவாத்திஃப். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து யாரும் கேட்டதில்லை. “நேத்து சாயங்காலத்துல இருந்தே இல்ல.”

ஹனஃபி தராசில் தக்காளியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வாங்க வந்தவள் முறைத்தாள்.

பத்து மணிக்குக் கூடை இறங்கியது. சத்தமில்லாமல். அதைப் பார்த்தவர் ஒரு குழந்தை மட்டுமே. அது சட்டையை இழுத்ததால்தான் ஹனஃபி திரும்பினார். உள்ளே சீட்டு இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றிய மணி இருந்தது, புளியிட்டுத் தேய்த்த பளபளப்போடு.

இரவல் திரும்பிவிட்டது. ஹனஃபி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணாந்து பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

“ஹனஃபி மாமா!”

தெரு நிமிர்ந்தது. ஜுவைனா கம்பிக்கு மேல் பாதி உடம்பு வெளியே வர நின்றிருந்தாள். ஒன்பதாவது பெட்டியைக் கட்டியிருந்த கயிறு அவள் பின்னால் துணிக்கொடியாகியிருந்தது. குரல் முதலில் கீச்சிட்டது, நடுவில் உடைந்தது, பிறகு வழி கண்டுபிடித்தது.

“நல்லா இருக்கீங்களா மாமா? வீட்ல நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்கோம் தாயி!”

“அத்தை முட்டி வலி?”

“படி ஏறுறா!”

“தம்பிக்கு லீவு?”

“அடுத்த வாரம்!”

“யோவ், என் தக்காளிய நிறுத்துட்டுப் பேசேன்யா,” என்றாள் வாங்க வந்தவள்.

“சும்மா இரும்மா. என்னை விசாரிக்கிறாங்கல்ல.”

“வர்தா நல்லா இருக்காளா?”

ஹனஃபி தராசைக் கீழே வைத்தார். வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய், மணியைக் கழுதையின் கழுத்தில் கட்டி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.