காது தைக்காத சிவப்புப் பை

சிவப்புத் துணியின் ஓரத்தை மடித்து, நகத்தால் கீறிப் படிய வைத்து, விரல்கள் ஊசியை ஏற்றுகின்றன. பையின் வாய்க்கு ஜிப் கிடையாது, பொத்தான் கிடையாது. இழுத்தால் பர்ரென்று பிரியும் ஒட்டுப்பட்டைதான். "பதறுற கைக்கு ஜிப் சரிப்பட்டு வராதுங்க. பாதியில நின்னு உயிரை வாங்கும்" என்கிறார். தைத்துக்கொண்டேதான் பாடம் எடுப்பார்.

அவரை விடுதிகளில் மூச்சக்கா என்று கூப்பிடுகிறார்கள். வீடில்லாதவர்கள் தங்கும் இடங்களுக்குப் போய், அங்கே வேலை பார்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் தொழில். தங்குபவர்களில் சிலர் போதை மருந்து எடுப்பவர்கள். அளவு மிஞ்சினால் மூச்சு மெல்ல அடங்கிவிடும். நேரத்தோடு மூக்குக்குள் பீய்ச்சி அடித்தால் அதைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து ஒன்று உண்டு. அதையும் ஒரு ஜோடி கையுறையையும் வைக்கத்தான் அந்தப் பை.

விடுதிக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்றை அவர் நடித்தே காட்டுவார். தலையைத் தொங்கப்போட்டு, தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போல ஒரு குறட்டை. "இதைக் கேட்டுட்டு, பாவம் அசந்து தூங்குறான்னு போர்வையை இழுத்துவிட்டு லைட்டை அணைச்சிட்டு வருவீங்க. அது தூக்கம் இல்லைங்க. மூச்சுக்கு முட்டுறது."

இந்தக் காது அவரை வீட்டிலும் விடுவதில்லை. பேருந்து ஓட்டும் கணவர் களைத்து வந்து குறட்டை விட்டால், மடக்கிய விரல் முட்டிகளால் அவர் நெஞ்செலும்பில் அழுத்தித் தேய்த்துவிடுவார். மயங்கியவரை எழுப்பிப் பார்க்கும் முறை அது. "கல்யாணம் ஆன புதுசுல கூட என் நெஞ்சை இவ்வளவு தடவினதில்லையே நீ" என்று அவர் முனகிக்கொண்டு திரும்பிப் படுப்பார். திட்ட வாய் வந்தால் போதும், அக்காவுக்கு நிம்மதி.

பயிற்சிக்கு ஒரு பொம்மை வைத்திருக்கிறார். வெட்டுத் துணி அடைத்த ஆளுயரப் பொம்மை. கணவரின் பழைய சட்டையைப் போட்டு மாப்பிள்ளை என்று பெயரும் வைத்துவிட்டார். "மாப்பிள்ளை விழுந்துட்டாரு, வாங்க. முதல்ல சத்தம் போட்டுக் கூப்பிடுங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. மருந்தை அடிங்க. தலையை நிமிர்த்தி வாய்ல காத்தை ஊதுங்க. விட்டுட்டு மட்டும் போயிடாதீங்க."

"இவங்களை முதல்ல அந்தப் பழக்கத்தை விடச் சொல்லணும்" என்று யாராவது ஒருவர் எல்லா ஊரிலும் சொல்வார். அக்காவுக்குக் கோபம் வராது. "சொல்லுங்க. ஆள் உயிரோட இருந்தாத்தானே நாளைக்குச் சொல்ல முடியும்?"

பையில் ஒரு குறை வைத்தே கொண்டுவருவார். தொங்கவிடும் வளையத்தை, அவர் மொழியில் காதை, இடத்தைப் பார்த்த பிறகுதான் தைப்பார். ஆணி என்றால் சின்னக் காது, கம்பி என்றால் பெரிய காது.

"இதுக்குக் காதே வேண்டாம்கா. ஆபீஸ் அலமாரியில பூட்டி வச்சுக்கிறேன்" என்றார் இந்த முறை பயிற்சி நடந்த விடுதியின் மேலாளர். கல் நெஞ்சுக்காரர் அல்ல; தங்குபவர்களின் சட்டைக் கிழிசல் வரை கவனிக்கும் பெண்மணி. பயம்தான். "வெளியில தொங்கவிட்டா, போதைக்காரங்களுக்கு வசதி பண்ணித் தர்றோம்னு தெருவே பேசும். இடத்தைக் காலி பண்ணச் சொன்னா இத்தனை பேரை எங்க கூட்டிட்டுப் போவேன்?"

அக்கா வாதாடவில்லை. பையை அலமாரியில் பூட்டச் சொல்லிவிட்டு, டீ நேரத்தில் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, முட்டியைத் திட்டியபடியே மாடியேறி, குளியலறையில் படுக்க வைத்துவிட்டு வந்தார். விதி ஒன்றே. விழுந்தவரைக் கண்டுபிடிப்பவர், மருந்து வரும்வரை தன் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கண்டுபிடித்தது மேலாளரே. உதட்டை இறுக்கிக்கொண்டு கையைத் தட்டினார். காவலாளி கீழே ஓடினார். மூச்சிரைக்க மேலே வந்தார்.

"மேடம், அலமாரி பூட்டியிருக்கு!"

மேலாளர் தன் தோளில் தட்டி, எதையோ மாட்டுவது போலக் காட்டினார்.

"என்ன மேடம், தோள் வலியா?"

"ஹேண்ட்பேக்குய்யா! சாவி அதுக்குள்ள இருக்காம்!" என்றார் குளியலறைக்கு அடுத்த அறையில் தங்குபவர், கதவருகிலிருந்து. பயிற்சி வேலையாட்களுக்கு மட்டும் என்று காலையில் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர்.

காவலாளி மறுபடி இறங்கினார். அவர் பாதிப் படி போவதற்குள் மேலாளர் முகம் சிவந்து, புஸ்ஸென்று மூச்சை விட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு தரையில் கிடந்த மாப்பிள்ளையைப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

"சாயங்காலம் அந்தச் சாவி என்கூட வீட்டுக்கு வந்துடும்கா" என்றார்.

"மாப்பிள்ளை விடியற வரைக்கும் காத்திருப்பாரும்மா. அவரு பொம்மை."

அடுத்த அறைக்காரர் தொண்டையைச் செருமினார். "யாரு விழுந்தாலும் சத்தம் முதல்ல எனக்குத்தான் மேடம் கேக்கும். என் கதவுக்கு வெளியே துண்டு போடுற கொக்கி இருக்கு. எல்லாருக்கும் கை எட்டும். அக்கா சொன்னதெல்லாம் ஜன்னலோரமா நின்னு கேட்டுக்கிட்டேன்." ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

மேலாளர் அவர் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "அந்தக் கொக்கி எவ்வளவு தடிமன்?"

அடுத்த அறைக்காரர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினார். காவலாளி கொண்டுவந்த பையை அக்கா வாங்கி, படியிலேயே உட்கார்ந்து, அந்த வளைவுக்குக் காதைத் தைத்தார். இழுத்துப் பார்த்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்து மேலாளரிடம் நீட்டினார். மேலாளர் ஒட்டுப்பட்டையை ஒருமுறை பர்ரென்று பிரித்து, மருந்தைத் தொட்டுப் பார்த்து மூடினார். காவலாளி கையை நீட்டினார். மேலாளர் அவரைத் தாண்டிப் போய், இரண்டு கைகளாலும் பையை அடுத்த அறைக்காரரிடம் கொடுத்தார்.