எலியேசர் கேட்ட அசனம்

இசக்கியம்மா எங்கே உட்கார்ந்தாலும் தன் இடப்பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் உட்காருவாள். வரப்பில் கஞ்சி குடிக்கும்போதும் அப்படித்தான், கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான். ஆனித் தேர் பார்க்கத் திருநெல்வேலிக்கு நெருக்கியடித்துப் போகிற வண்டியில்கூட அவளுடைய இடப்பக்கம் காலியாகவே இருக்கும்.

“ஏளா, கொஞ்சம் தள்ளித்தான் இரேன். புள்ளையும் கையுமா நான் தொங்கிட்டு வாரது கண்ணுக்குத் தெரியலயா?” என்று யாராவது கேட்பார்கள்.

“நான் தள்ளிருவேன். அவுக தள்ளணுமே” என்பாள் இசக்கியம்மா.

கேட்டவள் ஊர் வந்துசேரும்வரை பிள்ளையோடு தொங்கிக்கொண்டே வருவாள்.

அவுக என்றால் செத்துப்போனவர்கள். இசக்கியம்மாவிடம் அவர்கள் வந்து பேசுவார்கள். தச்சநல்லூருக்கு வடக்கே, வாய்க்கால் பாய்கிற வயல்களைத் தாண்டி இருந்தது அவளுடைய சின்ன ஊர். பாதிப் பேர் மணி அடித்தால் கோவிலுக்குப் போகிற வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். மீதிப் பேர் கொட்டு அடித்தால் சுடலைமாடனிடம் போகிறவர்கள். இசக்கியம்மா கொட்டுக்காரி. நடவுக்கும் களைபறிக்கவும் போய்ப் பிழைப்பவள். புருஷன் செத்தபின்தான் செத்தவர்கள் அவளிடம் வரத் தொடங்கினார்கள். ஆனால் புருஷன் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை. “உசிரோட இருக்கும்போதே அந்த மனுசன் வீடு தங்குனதில்ல” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

செத்தவர்களுக்குப் பெரிய விஷயம் எதுவும் தெரியாது என்பதை இசக்கியம்மா ஆரம்பத்திலேயே கண்டுகொண்டாள். கிணற்றுக்கயிறு மாற்றியாயிற்றா, செவலைக் கன்று பால் மறந்துவிட்டதா, என் வெண்கலச் செம்பு யார் வீட்டில் இருக்கிறது, இப்படித்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எதிரே மகனோ மகளோ கண்ணீரும் கம்பலையுமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம், “உங்கப்பா ஆட்டைக் கட்டியாச்சான்னு கேக்குதாரு” என்று மொட்டையாக எப்படிச் சொல்வது? ஆகவே கஞ்சிக்கு உப்புப் போடுவதுபோல அவளும் கொஞ்சம் போட்டுக்கொள்வாள். வந்தவர் சொன்னதை அப்படியே சொல்லிவிடுவாள். அதன் பிறகு, அவர் சொல்லியிருக்க வேண்டியதையும் சேர்த்துச் சொல்வாள். அதைப் பொய் என்று அவள் நினைத்ததே இல்லை.

கொல்லம் ஆயிரத்து எண்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில், நடவு முடிந்து அவள் வரப்பில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது சாரம்மாள் வந்து இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எந்திரிளா. உன் மாமியா மடியில இருக்கே” என்றாள் இசக்கியம்மா.

தேள் கொட்டியவள்போலத் துள்ளி எழுந்த சாரம்மாள், சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழத் தொடங்கினாள்.

சாரம்மாளின் புருஷன் பெயர் சங்கிலிபூதத்தான். புருஷனும் பெண்டாட்டியுமாக வேதத்தில் சேர்ந்து, அவன் எலியேசர் என்று ஞானஸ்நானம் பெற்றான், அவள் சாரம்மாள் ஆனாள். பங்குனியில் காய்ச்சல் கண்டு எலியேசர் இறந்துபோனான். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆடி பிறந்ததும் எலியேசரின் அண்ணன் கொம்பையாவுக்கு அருள் வரத் தொடங்கிவிட்டது.

“வெள்ளிக்கெழமதோறும் எங்க முத்தத்துல வந்து ஆடுதாக, அக்கா. ‘உன் புருசன்தான் எனக்குள்ள வந்திருக்கான், கோழி கேக்கான், கள்ளு கேக்கான், சுருட்டு கேக்கான்’ங்காக. செவப்புக் கோழி போயிட்டு. கருங்கோழி போயிட்டு. மிச்சம் அந்தப் புள்ளிக்கோழி ஒண்ணுதான்.”

“உபதேசியார்ட்ட சொன்னியா?”

“சொன்னேன். வந்து ஜெபம் பண்ணுனாரு. அவரு ஆமென் சொல்லுததுக்குள்ள சேவலும் போயிட்டு.”

இசக்கியம்மா சிரிப்பை அடக்க வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கோழி போனாப் போவட்டும், அக்கா. வார வெள்ளிக்கெழம எங்க அடுக்களை வாசல்ல எம் புருசன் பேருல பீடத்துக்குக் கல்லு நடப்போறாகளாம். கல்லு நட்டுட்டா வீடு மாடன் கோயிலாயிரும், பெரியத்தான் பூசாரியாயிருவாக. நான் எங்கன போவேன்? எங்க வீட்டு அவுககிட்ட நீங்க கேட்டுச் சொல்லணும்.”

“செத்தவுககிட்ட கேக்கக் கூடாதுன்னு உங்க வேதத்துல இருக்குல்லா?”

“நான் எங்க செத்தவுககிட்ட கேக்கேன்? எம் புருசன்கிட்டல்லா கேக்கேன்” என்றாள் சாரம்மாள்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் ஊரே சாரம்மாள் வீட்டு முற்றத்தில் கூடிவிட்டது. அடுக்களை வாசலுக்கு அருகே, இடப்பக்கம் இடம் விட்டு, இசக்கியம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். புள்ளிக்கோழி கூடைக்கு அடியில் கத்திக்கொண்டிருந்தது. இரண்டு பேர் கல்லைச் சுமந்து வந்து இறக்கினார்கள். பின்னாலேயே, நெற்றி நிறைய நீறும் கழுத்தில் அரளிமாலையுமாகக் கொம்பையா ஆடிக்கொண்டு வந்தார். கண் சொருகி, நாக்கைத் துருத்தி, முற்றம் அதிர ஆடினார். ஆனால் இசக்கியம்மாவின் இடப்பக்கத்தை மட்டும் மிதிக்காமல் சுற்றிப் போனார். அதை அவள் பார்த்துக்கொண்டாள்.

கண்ணை மூடி, “சங்கிலிபூதத்தான்!” என்று கூப்பிட்டாள்.

“ஆங்! வந்திருக்கேன்!” என்றார் கொம்பையா.

இடப்பக்கம் யாரும் வரவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். கொம்பையா இன்னும் பலமாக, “இந்தா நிக்கேன்லா!” என்றார். அப்போதும் இடப்பக்கம் வெறுமையாகவே இருந்தது. கூப்பிட்டு வராதவர்கள் அவளுடைய புருஷனைத் தவிர இதுவரை யாருமில்லை. இன்றைக்கு வராவிட்டால் கல் நட்டுவிடுவார்கள்.

கண்ணைத் திறந்தாள். வேலிக்கு அப்பால் குடையை விரித்துக்கொண்டு உபதேசியார் சுவிசேஷமுத்து நின்றார். இந்த இடத்தில் அவர் நிற்கக்கூடாது, ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதனால் ஒரு காலை மட்டும் வேலிக்குள் வைத்திருந்தார். அவரைப் பார்த்ததும்தான் இசக்கியம்மாவுக்குத் தன் தவறு உறைத்தது. பழைய பெயரைத்தான் அவன் விட்டுவிட்டானே.

“எலியேசர்” என்று பைய கூப்பிட்டாள்.

இடப்பக்கம் உடனே குளிர்ந்தது. “என்னக்கா, நான் வாசல்லயே நிக்கேன், வேற ஆரையோ கூப்பிட்டுக்கிட்டிருக்கிய?” என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தான் எலியேசர். பிறகு, “புள்ளிக்கோழி வைக்கப்படப்புக்கு அடியில முட்டை வைக்குது. சாரா ஊரெல்லாம் தேடுதா, சொல்லிருங்க” என்றான். கொஞ்சநேரம் அண்ணன் ஆடுவதைப் பார்த்தான். “அண்ணன் நல்லாச் சாப்பிடுதானா? அவனுக்குப் பசி தாங்காது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவ்வளவுதான். பீடத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

“எலியேசர் வந்திருக்காரு” என்றாள் இசக்கியம்மா.

“எலியேசரா? எவன் அவன்? நாந்தான் வந்திருக்கேன், சங்கிலிபூதத்தான்!”

“இங்கன வந்தவரு வேற, அண்ணாச்சி. உங்களுக்குள்ள வந்தது ஆருன்னு நீங்கதான் விசாரிச்சுக்கிடணும்.”

கூட்டம் சிரித்தது. கொம்பையாவின் ஆட்டம் ஒரு சுற்றுக் குறைந்தது.

“சாரா, வைக்கப்படப்புக்கு அடியில முட்டை இருக்காம், பாரு.”

சாரம்மாள் ஓடினாள். முந்தானை கொள்ளாமல் முட்டையோடு திரும்பி வந்தாள். கூட்டத்தின் சிரிப்பு நின்றுபோயிற்று. ஆடிக்கொண்டிருந்த கொம்பையாவும் நின்றுவிட்டார்.

அவன் சொன்னதில் இன்னும் ஒன்றுதான் மிச்சம், அதற்கு மேல் இசக்கியம்மா உப்புப் போட வேண்டியிருந்தது.

“அண்ணன் நல்லாச் சாப்பிடுதானான்னு கேட்டாரு. அவனுக்குப் பசி தாங்காதேன்னு வருத்தப்பட்டாரு” என்றாள். கொம்பையாவின் முகம் கோணிற்று. உண்மையாகவே அவர் கண்ணில் நீர் கட்டியது. தம்பி சொல்லக்கூடிய பேச்சுத்தான் அது.

“ஆனா ஒத்தையில தின்னா அது எனக்கு வந்து சேராதுங்காரு. படைக்கணும்னா எங்க கோவில் வழக்கப்படி அசனமா படைக்கணும், கொட்டுக்காரன் வேதக்காரன் எல்லாரும் ஒரே பந்தியில உக்காரணும், கறியும் சோறும் எங்க அண்ணன் கையால விழணுங்காரு.”

“கறியா? என்ன கறி?” என்றார் கொம்பையா. அருள் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது.

“உங்க தொழுவுல நிக்கே, அந்தக் கெடா.”

“ஏ மூதி! அது மாடன் கொடைக்கு நேந்த கெடால்லா!”

“நானும் அதத்தான் சொன்னேன். ‘மாடன்ட்ட நான் பேசிக்கிடுதேன், அவரும் நானும் இப்பம் ஒரே பக்கத்துலதான இருக்கோம்’ங்காரு.”

கொம்பையா தன் தொழுவின் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். செத்தவன் கேட்டதைக் கொடுக்காவிட்டால் ஊருக்கு ஆகாது என்று வெள்ளிக்கிழமைதோறும் முழங்கியவர் அவர்தான். எல்லாரும் உபதேசியாரைப் பார்த்தார்கள். அவர் குடையை மடக்கினார்.

“இறந்தவருக்குப் படைக்கிறது கூடாது. ஏழைகளுக்கு அன்னமிடுததுக்கு வேதத்துல தடை இல்ல” என்றார். கொஞ்சம் யோசித்து, “நல்ல கெடாதானா?” என்றும் கேட்டுக்கொண்டார்.

பீடத்துக்குக் கல் சுமந்து வந்தவர்கள் அதைத் திரும்பச் சுமக்க மாட்டோம் என்று போய்விட்டார்கள். கிடா போன துக்கத்தில் கொம்பையாவும் கல் நடுவதை மறந்துவிட்டார்.

எலியேசர் அதன்பின் வரவில்லை. அவன் சொன்னது எது, தான் போட்ட உப்பு எது என்று இசக்கியம்மாவும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது வருஷாவருஷம், தம்பி இறந்த பங்குனியில், கொம்பையா அசனம் போடுகிறார். தம்பி தன்னிடம்தான் நேரில் வந்து கேட்டான் என்று எல்லாரிடமும் சொல்கிறார். உபதேசியார் ஜெபம் செய்துவிட்டு முதல் பந்தியில் உட்காருகிறார். பீடத்துக்கு வந்த கல்லில் சாரம்மாள் துணி துவைக்கிறாள். புள்ளிக்கோழி செத்துப்போயிற்று, அதன் குஞ்சுகள் முற்றம் நிறைய மேய்கின்றன. இசக்கியம்மா பந்திக்கு வருகிறாள், இடப்பக்கம் இடம் விட்டு உட்காருகிறாள். அந்த இடத்துக்கும் ஓர் இலை போட்டுக் கறி வைக்கிறார்கள். பந்தி முடிந்ததும் அதை அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறாள்.