திங்கட்கிழமைச் செவுள்

செல்போன் கடைக்கு நான் மீனோடு போனதை என் மகள் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டாம். ஒரே ஒரு விளமீன், சுற்றிலும் ஐஸ், மேலே இரண்டு பாலித்தீன் பை. ஒழுகவும் இல்லை, நாறவும் இல்லை. அரிசி வாங்கப் போனால் இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். மீனைப் படம் எடுக்கப் போன் வாங்குகிறவள் மீன் இல்லாமல் எப்படிப் போவாள்?

நான் மீன் விற்கிறவள். விடியும் முன்னே திரேஸ்புரம் கரையில் ஏலத்தில் நின்று மீன் எடுப்பேன். முன்பு கூடையைச் சுமந்து தெருத்தெருவாகப் போனேன். இப்போது ஸ்கூட்டரும் வாட்ஸ்அப் குரூப்பும். குரூப்பில் நாற்பது வீடுகள். எடுத்த மீனைச் செவுள் தெரியப் படம் பிடித்துப் போடுவேன், வேண்டியவர்கள் வேண்டியதைச் சொல்வார்கள், எட்டு மணிக்குள் வீட்டு வாசலில் கொடுத்துவிடுவேன். போன்தான் எனக்குக் கடை.

பழைய போன் ஐஸ் பெட்டிக்குள் விழுந்து செத்தது. மதுரையில் வேலை பார்க்கும் மகள் ஆசையாகப் புதுசு ஒன்று வாங்கி அனுப்பினாள். விலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நடுத்தரம். "கேமராவுக்குப் பேர் போன போன்மா" என்றாள். பொய் இல்லை. அதில் எடுத்தால் சாளை மீன்கூடச் சரிகை போட்ட மாதிரி மின்னியது. குரூப்பில் பூவும் இதயமுமாக வந்து விழுந்தன. இது நான் எடுத்த மீன்தானா என்று எனக்கே சில நேரம் தோன்றும். அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன்.

எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். மாதா கோயில் பூசைக்குப் போவார்கள். அதனால் திங்கட்கிழமை காலையில் கிடைப்பது சனிக்கிழமை பிடித்து ஐஸில் கிடந்த மீன். கெட்ட மீன் இல்லை, குழம்புக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் செவுள் மங்கியிருக்கும். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இருந்ததில்லை. கூடையை இறக்கினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

எல்லோரையும்விட நன்றாகப் பார்ப்பவர் ஒரு டீச்சர். நாசரேத் பக்கத்துக்காரர், ஓய்வு பெற்றவர், இருபது வருடமாக என்னிடம்தான் மீன். ஒரு வார்த்தை பேசமாட்டார். வலது கைப் பெருவிரலால் செவுளைத் தூக்குவார், குனிந்து பார்ப்பார், தலையை ஆட்டுவார். ஆட்டினால் மீன் அவருடையது. ஆட்டாவிட்டால் நான் கூடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். குரூப் வந்த பிறகும், படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாலும், வாசலில் அந்தப் பெருவிரல் பரீட்சை உண்டு.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு நேரமாகிவிட்டது. டீச்சர் வீட்டு கேட்டில் பையை மாட்டிவிட்டு, குரல் கொடுத்துவிட்டு ஓடிவிட்டேன். ஒன்பது மணிக்குக் குரூப்பில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று நான் காலையில் போட்டது. இன்னொன்று அதே மீனை டீச்சர் தன் பழைய போனில் எடுத்தது. கீழே, கரும்பலகையில் எழுதுவதுபோல் ஒரு ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதியிருந்தார்: "திங்கட்கிழமை காலையில் நம் ஊரில் எந்த மீனுக்குச் செவுள் இப்படிச் சிவந்திருக்கும்? என் கைக்கு வந்தது இது."

நாற்பது வீடும் பார்த்தது. சாயங்காலத்துக்குள் ஆறு வீடுகள் குரூப்பை விட்டுப் போய்விட்டன. எடையில் குறைத்தாள் என்றோ, பழசைப் புதுசு என்றாள் என்றோ என்னை ஒருவர் சொன்னதில்லை. இந்த வாய் சொல்லாத பொய்யை ஒரு படம் சொல்லிவிட்டது. மீதி வீடுகளும் போனால் நான் யாரிடம் விற்பேன்? மீன் அழுகினால் கொட்டிவிடலாம், பேர் அழுகினால் எங்கே கொட்டுவது?

பெட்டியில் மிச்சமிருந்த ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் படம் பிடித்தேன். போனை மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். மீனில் செங்கல் நிறம். போனில் செம்பருத்திப் பூ. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை ஐஸ் பெட்டிக்கே அனுப்பியிருப்பேன், மகள் வாங்கிக் கொடுத்தது என்பதால் கையை அடக்கிக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

"ஏளா, ஒன் போன் எம் மீனுக்குச் சாயம் பூசுது."

"அது ஏஐம்மா. அதுவா பாத்து அழகாக்கும்."

"நான் கேட்டனா?"

"எல்லாப் போனும் இப்பம் அப்படித்தாம்மா. செட்டிங்ஸ்ல அணைச்சிரு."

அவள் சொன்ன பொத்தான்களையெல்லாம் அணைத்தேன். சிவப்பு கொஞ்சம் இறங்கியது, செங்கல்லுக்கு வரவில்லை. மறுநாள் கடைக்குப் போனேன், அதே மீனோடு.

கடை அண்ணாச்சி பையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஏம்மா, ஏசி போட்ட கடை. மீனைத் தூக்கிட்டு வாரீங்க?"

"நீங்க ரோசாப்பூவைப் படம் எடுத்துக் காட்டுதீங்க அண்ணாச்சி. நான் பூ விக்கல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளே விடவில்லை. நல்லதாகப் போயிற்று. வாசல் படியில் வெயிலில் மீனை விரித்தேன். நான் படம் எடுப்பது வெயிலில்தானே? இதே விலைக்குள் அவரிடம் இருந்த மூன்று போன்களையும் ஒவ்வொன்றாக வெளியே கொடுத்தார். முதல் போனில் செவுள் பற்றி எரிந்தது. இரண்டாவது போன் இன்னும் மோசம், செதிலையெல்லாம் வழித்து விளமீனுக்குக் கல்யாணப் பவுடர் போட்டிருந்தது. மூன்றாவது அவ்வளவாகப் பேர் இல்லாத கம்பெனி. படம் எடுத்து மீனருகே வைத்தேன். மங்கலான செவுள், மங்கலாகவே இருந்தது.

"இது கேமரா டல்லும்மா. யாரும் வாங்க மாட்டாங்க" என்றார்.

"மீனே டல்லுதான் அண்ணாச்சி. பெறவு படம் எப்படி இருக்கணும்?"

அத்தோடு விட்டேனா? கையை ஐஸ் தண்ணீரில் முக்கி, ஈர விரலால் அந்தப் போன் திரையைத் தள்ளிப் பார்த்தேன். பத்துக்கு ஏழு தடவை கேட்டது. மற்ற இரண்டும் ஈர விரலை அடையாளமே காணவில்லை. உச்சி வெயிலில் திரையைப் பிடித்து எழுத்து தெரிகிறதா என்று பார்த்தேன். கண்ணைச் சுருக்கினால் தெரிந்தது. ஏலக் கூச்சலுக்கு நடுவே மணி கேட்குமா என்று அறிய, தெருவில் லாரி போகும்போது அண்ணாச்சியை அந்தப் போனுக்குக் கூப்பிடச் சொன்னேன். கேட்டது. பின்பக்கம் கண்ணாடி இல்லை, சொரசொரப்பான பிளாஸ்டிக். அதற்காக அவர் வருத்தப்பட்டார். செதில் ஒட்டிய கையில் வழுக்காது என்று நான் சந்தோஷப்பட்டேன். பாட்டரி மட்டும் அவர் சொன்ன அளவுக்கு இல்லை, மத்தியானமே சார்ஜுக்குக் கேட்கிறது. கேட்கட்டும், நானும் அந்நேரம்தான் சோறு தின்கிறேன்.

மகளின் போனைக் கழித்துக்கொண்டு இதைக் கொடுத்தார். மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஆசையா வாங்கிக் குடுத்தேன்லம்மா. அதைவிட மட்டமானதை வாங்கிருக்கியே." எனக்கும் வலித்தது. ஆனாலும் சொன்னேன்: "ஒன் ஆசை பெருசுதாம்ளா. ஆனா அது என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டு."

அடுத்த திங்கட்கிழமை வந்தது. ஏலத்தில் அதே சனிக்கிழமை மீன். படம் எடுத்தேன். கண் சற்றே வெளுத்து, செவுள் மங்கி, மீன் உள்ளபடி கிடந்தது. குரூப்புக்கு முன்னால் மகளுக்கு அனுப்பிப் பார்த்தேன். "ஐயோ, இதைப் போடாதம்மா. இருக்கிறவங்களும் போயிருவாங்க" என்றாள்.

போனால் போகட்டும் என்று போட்டேன். கூடவே வாயால் பேசியும் அனுப்பினேன். "இது சனிக்கிழமை மீனு. ஐஸ்ல கெடந்தது. கொழம்புக்கு ஆவும், பொரிக்க நாளைக்கு வாங்கிக்கிடுங்க. போன வாரம் படம் பொய் சொல்லிட்டு. பாக்காமப் போட்டது என் தப்புதான். வேண்டாதவங்க வாங்காண்டாம்."

அரை மணி நேரம் ஸ்கூட்டர் மேலேயே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்த ஈரம் காய்ந்து உப்பாகிவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக நான்கு வீடுகள். ஐந்தாவதாக டீச்சர்: "குழம்புக்கு ஒன்று."

அன்று பையைக் கேட்டில் மாட்டவில்லை. மணியடித்து நின்றேன். டீச்சர் சட்டியோடு வந்தார். நான் நீட்டிய மீனை வாங்கி, பார்க்காமல் சட்டியில் போட்டார். இருபது வருடத்தில் அப்படிச் செய்ததில்லை.

"செவுளைப் பாக்கலியே டீச்சர்?"

"அதான் படத்துலயே பாத்துட்டேனே. போதும்."

பெரிய மனசுதான். மன்னித்துவிட்டார் என்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்த மன்னிப்பு வேண்டியிருக்கவில்லை. சட்டிக்குள் கைவிட்டு மீனை எடுத்தேன், வாலைப் பிடித்து அவர் முன்னால் நீட்டினேன்.

"போன வாரமும் படம் பாத்துதான் ஏமாந்தீங்க. தூக்கிப் பாருங்க டீச்சர். பாத்து நீங்க தலையாட்டுனாத்தான் நான் குடுப்பேன்."

டீச்சர் சட்டியைக் கீழே வைத்தார். வலது கைப் பெருவிரலைச் செவுளுக்குள் விட்டுத் தூக்கி, குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

தலையை ஆட்டினார். நான் மீனைக் கொடுத்தேன்.